பனிக் கரடி நாட்டில் 200 பேருக்கு மேல் வராதே!

உலகப் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் உச்சியில் நார்வே நாடு இருக்கிறது. அதற்கும் மேலே, வடதுருவத்துக்குப் போகும் வழியில், பனிக்கடலின் நடுவே சில தீவுகள் சிதறிக் கிடக்கும். அந்தத் தீவுக் கூட்டத்துக்கு ஸ்வால்பார்ட் என்று பெயர். அதில் மிகப் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன்.

அங்கே மரம் கிடையாது. வயல் கிடையாது. நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடிக் கிடக்கின்றன. ஏப்ரல் 20-ம் தேதி வாக்கில் உதிக்கும் சூரியன் ஆகஸ்டு 23 வரை அஸ்தமிப்பதே இல்லை. அக்டோபர் கடைசியில் மறைந்தால், பிப்ரவரி நடுவில்தான் மறுபடியும் தலைகாட்டும். ஊரைத் தாண்டி வெளியே போகிறவர் துப்பாக்கி இல்லாமல் போவதில்லை. ஏனென்றால், அது பனிக் கரடியின் நாடு!

இப்படிப்பட்ட இடத்துக்கு உல்லாசப் பயணமா என்று கேட்கலாம். ஆம்! கோடைக்காலம் பிறந்துவிட்டால் கப்பல் மேல் கப்பலாக வருகிறது. லட்சக்கணக்கான ரூபாய் கட்டணம் கொடுத்து, குளிரில் நடுங்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

வருகிறவர்களுக்கு நார்வே அரசாங்கம் இப்போது கடிவாளம் போட்டிருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி முதல், தேசியப் பூங்காக்களிலும் மற்றப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. நுழைந்த கப்பலும் நினைத்த இடத்தில் ஆளை இறக்க முடியாது. 43 இடங்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே மட்டும்தான் இறங்கலாம். கரடியைக் கண்டால் 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் முடிய 500 மீட்டர்!

ஸ்வால்பார்டின் நிலப்பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவைவிடச் சற்றே சிறியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் பாதுகாக்கப்பட்ட பகுதி. 7 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. ஆகவே இது ஏதோ ஒரு மூலைக்குப் போட்ட விதி அல்ல. ஏறக்குறைய தீவு முழுவதையும் கட்டும் விதி.

சின்னக் கப்பலில் ஒரு நாள்

இந்தப் பயணம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் சண்டை எதற்கு என்று புரியும்.

லாங்இயர்பியன் என்பது அங்குள்ள முக்கிய ஊர். ஜனத்தொகை சுமார் 2,500. வடதுருவம் அங்கிருந்து 1,300 கிலோமீட்டர்தான். பயணிகள் அந்த ஊருக்கு விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறார்கள். 12 பேர் மட்டும் போகும் பாய்மரக் கப்பலும் உண்டு. நூறு, நூற்றைம்பது பேர் போகும் கப்பலும் உண்டு. பனிக்கட்டி வழி விட்டால் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். அதற்கு எட்டு, பத்து நாட்கள் பிடிக்கும். வழி விடாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எங்கே போவது என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். கேப்டனின் கையில் அது இல்லை.

கப்பலுக்கு அங்கே துறைமுகம் கிடையாது. கரைக்குச் சற்றுத் தொலைவில் நங்கூரம் போடுவார்கள். முதலில் வழிகாட்டிகள் துப்பாக்கியுடன் ரப்பர் படகில் போய், பாறைக்குப் பின்னால் கரடி படுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் பயணிகளைப் பத்துப் பத்துப் பேராக ஏற்றி வருவார்கள். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் பூட்ஸைக் கழுவியாக வேண்டும். வேற்று நாட்டு விதையோ, நோயோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது அல்லவா? இது வெறும் பயம் அல்ல. 2023-ல் அங்கே ஒரு வால்ரஸ் பறவைக் காய்ச்சலால் இறந்துபோயிற்று. வால்ரஸ் என்பது யானைபோல் இரண்டு தந்தம் நீண்ட, ஆயிரம் கிலோவைத் தாண்டும் கடல் பிராணி.

கரையில் இறங்கினால் என்ன தெரியும்? ஒரு பக்கம் கடலுக்குள் வந்து முறியும் பனியாறு. இன்னொரு பக்கம் செங்குத்தான பாறை. ஆல்கெஃபெல்லெட் என்ற பாறையில் பல்லாயிரக்கணக்கான கடற்பறவைகள் தோளோடு தோள் ஒட்டி முட்டையிட்டிருக்கும். கூடு கட்டுவது கிடையாது. வெறும் கல்லின் விளிம்பில் ஒற்றை முட்டை! தவறி விழும் குஞ்சுக்காகப் பாறையின் அடியில் நரி காத்திருக்கும். இந்தப் பாறைகளின் அருகே ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை கப்பல் மெதுவாக ஊர்ந்துதான் போக வேண்டும். 500 மீட்டருக்குள் வந்துவிட்டால் வேகம் 5 கடல் மைலுக்கு மேல் கூடாது.

கரையில் கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்க முடியாது. 1946-க்கு முந்திய மனித அடையாளம் எதுவானாலும் அது சட்டப்படி புராதனச் சின்னம்! பழைய அடுப்புக் கல், உடைந்த படகுப் பலகை, வேட்டைக்காரன் எறிந்த எலும்பு, எல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தபடி இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை எடுக்கலாம். எடுக்கவும் சொல்கிறார்கள். குப்பை! கடல் கொண்டுவந்து ஒதுக்கும் மீன்வலையும் பிளாஸ்டிக்கும் அந்த ஆளில்லாக் கரையிலும் குவிகின்றன. வலையில் கொம்பு சிக்கிக் கலைமான்கள் சாகின்றன. சின்னக் கப்பல் பயணிகள் பலர் மூட்டை மூட்டையாக இந்தக் குப்பையைப் பொறுக்கிக் கப்பலில் ஏற்றி வருகிறார்கள். காசு கொடுத்துப் போய்க் குப்பை பொறுக்குவதா என்று நகைக்க வேண்டாம். அவர்கள் அதைச் சந்தோஷமாகவே செய்கிறார்கள்.

கொழுப்புப் பட்டணம்

இவ்வளவு கெடுபிடி எதற்கு? அந்தத் தீவின் பழைய கதையில் அதற்குப் பதில் இருக்கிறது.

1596-ல் வில்லியம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமி இந்தத் தீவைக் கண்டார். கூரிய மலைகளைப் பார்த்து ஸ்பிட்ஸ்பெர்கன், அதாவது கூர்மலை, என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே திமிங்கில வேட்டை தொடங்கிவிட்டது. டச்சுக்காரர்கள் கரையில் ஒரு குடியிருப்பே போட்டார்கள். ஸ்மீரென்பர்க் என்று அதற்குப் பெயர். தமிழில் சொன்னால் கொழுப்புப் பட்டணம்! திமிங்கிலக் கொழுப்பைப் பெரிய செப்பு அண்டாக்களில் காய்ச்சி எண்ணெய் எடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். விளக்கு எரிந்தது, சோப்பு நுரைத்தது. திமிங்கிலம் தீர்ந்தது.

வேட்டைக்கு வந்தவர்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அவர்களைப் புதைத்த கரைகள் இன்றும் இருக்கின்றன. மண்ணுக்கு அடியில் எப்போதும் பனி உறைந்து கிடப்பதால், அது உப்பி உப்பிச் சவப்பெட்டிகளை மெல்ல மேலே தள்ளுகிறது. முன்னூறு, நானூறு வருஷத்துப் பெட்டிகள் தரைக்கு மேல் தலைநீட்டுகின்றன.

திமிங்கிலத்துக்குப் பிறகு வால்ரஸ். தந்தத்துக்காகவும் தோலுக்காகவும் கொன்றார்கள். 1952-ல் வேட்டைக்குத் தடை வந்தபோது, விரல் விட்டு எண்ணும் நிலைக்கு அது வந்துவிட்டது. கரடிக்கு 1973-ல்தான் பாதுகாப்புக் கிடைத்தது. முதல் மூன்று தேசியப் பூங்காக்கள் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இன்று நிலைமை என்ன? வால்ரஸ் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது! கரையில் கொழுத்த மூட்டைகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் குறட்டை விடுகிறது. கண்டிப்பான சட்டம் போட்டால் பிராணிகள் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 70 ஆண்டு பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுட்டுக் கொன்ற கரடி

கரடியின் கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

2018 ஜூலை மாதக் கடைசியில், ஸ்வால்பார்டின் வடகோடியில் உள்ள ஏழு தீவுகளில் ஒன்றில் ஓர் உல்லாசக் கப்பல் பயணிகளை இறக்க ஏற்பாடு செய்தது. வழக்கம்போல் காவலர்கள் முதலில் போனார்கள். கரடி கண்ணில் படவில்லை. திடீரென்று ஒரு கரடி பாய்ந்து ஒரு காவலரின் தலையைக் கவ்விற்று. மற்றவர்கள் அதைச் சுட்டுக் கொன்றார்கள். காவலர் பிழைத்துக்கொண்டார். செத்த கரடியின் படம் உலகெங்கும் பரவியது. "கரடியின் வீட்டுக்குள் புகுந்து கரடியையே கொல்வதா?" என்று பலரும் கொதித்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்கு ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு அது பதில் ஆகுமா?

ஸ்வால்பார்டில் சுற்றிக்கொண்டிருக்கும் கரடிகள் சுமார் 300. ரஷ்யாவின் பக்கம் உள்ள பனிக்கடலையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3,000 வரை வரும். கரடியின் சாப்பாடு கடல்நாய். கடல்நாயைப் பிடிக்க அதற்குக் கடல் மேல் உறைந்த பனிக்கட்டி வேண்டும். பனிக்கட்டியின் மேல் நின்று, துளை வழியே மூச்சு விட வரும் கடல்நாயை அடித்துப் பிடிப்பதுதான் அதன் வேட்டை.

இப்போது பூமி சூடேறி வருகிறது. உலகில் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு வேகமாக ஸ்வால்பார்டு சூடேறுகிறது. கடல் பனிக்கட்டி சீக்கிரம் உருகி, தாமதமாக உறைகிறது. ஆகவே கரடிகள் பல வாரங்கள் கரையிலேயே அலைகின்றன. கலைமானைத் துரத்துகின்றன, பறவை முட்டையைத் தின்கின்றன.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பனிக்கட்டி விலகுவதால் கரடி கரைக்கு வருகிறது. அதே பனிக்கட்டி விலகுவதால் கப்பலும் கரைக்கு வருகிறது. இருவரும் ஒரே மாதத்தில், ஒரே கரையில் சந்திக்கிறார்கள்!

மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. அது குட்டியோடு தாய்க் கரடி வெளியே வரும் காலம். இணை சேரும் காலம். வருஷத்துச் சாப்பாட்டில் பெரும் பங்கைத் தேடிக்கொள்ளும் காலமும் அதுதான். அந்த நேரத்தில் ஓட ஓட விரட்டினால், குட்டிக்குப் பால் ஏது?

எதிர்ப்பு

கப்பல் தொழில் செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

300 மீட்டர் தூரத்தில் நின்றால் கரடி வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும், அதைப் பார்க்கவா இவ்வளவு செலவழித்து ஆள் வருவார் என்பது ஒரு வாதம். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தொலைநோக்கி இருந்தால் போதும்.

இன்னொரு வாதம்தான் யோசிக்க வைக்கிறது. முன்பு பரந்த கரையெங்கும் பிரிந்து இறங்கிய பயணிகளை 43 இடங்களில் அடைத்தால் என்ன ஆகும்? அந்த 43 இடங்களும் மிதிபட்டுத் தேயும். அந்தக் குளிரில் பாசியும் புல்லும் வளர்வது அங்குலம் அங்குலமாகத்தான். ஒரு காலடித் தடம் பல ஆண்டுகள் அழியாது. மேலும், 12 பேர் போகும் பாய்மரக் கப்பலையும் 200 பேர் போகும் கப்பலையும் ஒரே கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். 12 பேர் ஓரமாக இறங்கி அரை மணி நேரம் நடந்துவிட்டுப் போவதும், 200 பேர் வரிசையாய் இறங்குவதும் ஒன்றாகுமா? சிறிய கப்பலுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

ஆனால் எண்ணிக்கை வரம்பில் நார்வேயைக் குறை சொல்ல முடியாது. லாங்இயர்பியன் ஊருக்கு 3,000 பேரைச் சுமந்து வரும் ராட்சதக் கப்பல்களும் உண்டு. ஊரில் உள்ளவர்களைவிடக் கப்பலில் உள்ளவர்கள் அதிகம்! அப்படிப்பட்ட கப்பல் ஆளில்லாக் கரையில் பாறையில் மோதினால் யார் காப்பாற்றுவது?

இது கற்பனை அல்ல. 1989 ஜூனில் சோவியத் கப்பல் ஒன்று ஸ்வால்பார்டுக்கு மேற்கே நள்ளிரவில் பனிப்பாளத்தில் மோதி ஓட்டையாயிற்று. பயணிகளும் சிப்பந்திகளுமாகச் சுமார் 950 பேர். உயிர்ப் படகிலும் பனிப்பாளத்தின் மேலும் வயோதிகர்கள் போர்வையோடு காத்துக் கிடந்தார்கள். சில மணி நேரப் பயணத் தூரத்தில் நார்வே கடற்காவல் கப்பல் ஒன்று இருந்தது. கடலும் அன்று அமைதியாக இருந்தது. அதனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

சின்னக் கப்பல் என்றால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தின் வடகிழக்கே, தேசியப் பூங்காவின் கரையில் 206 பேருடன் ஓர் உல்லாசக் கப்பல் தரைதட்டி மூன்று நாள் சிக்கிக் கிடந்தது. கடைசியில் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு மீன்பிடிக் கப்பல்தான் இழுத்துவிட்டது. 206 பேர் என்பதால் சமாளித்தார்கள். 3,000 பேர் என்றால்?

எண்ணெய் சிந்தினால் அது வேறு கேடு. அதற்காக 2022 முதல் ஸ்வால்பார்டு கடல் எல்லை முழுவதும் கெட்டி எண்ணெயில் ஓடும் கப்பல்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

கரி போயிற்று, கப்பல் வந்தது

லாங்இயர்பியன் கரிக்காகப் பிறந்த ஊர். லாங்இயர் என்ற அமெரிக்கர் 1906-ல் அங்கே நிலக்கரி வெட்டத் தொடங்கினார். அவர் பெயரே ஊருக்கு நின்றது. நூறு ஆண்டுக்கு மேல் கரிதான் அவர்களுக்குச் சோறு. 2023 அக்டோபரில் கரியில் ஓடிய மின்நிலையத்தை மூடினார்கள். 2025 ஜூனில் நார்வேக்காரர்களின் கடைசிக் கரிச் சுரங்கமான 7-ம் எண் சுரங்கத்தையும் மூடினார்கள். இனிப் பிழைப்பு? படிப்பு, ஆராய்ச்சி, உல்லாசப் பயணிகள். கடைக்காரர், வழிகாட்டி, ஓட்டல் சிப்பந்தி என்று பலரது உலை கப்பலை நம்பிக் கொதிக்கிறது. தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து அங்கே வேலை பார்ப்பவர்களும் பலர்.

ஆகவே சட்டம் வந்த வேளை பொல்லாத வேளை. ஒரு கையால் சுரங்கத்தை மூடிய அரசாங்கம் மறு கையால் கப்பலையும் பிடித்து நிறுத்துகிறதே என்று ஊரார் முணுமுணுப்பதில் வியப்பில்லை.

இதில் அரசியலும் கலந்திருக்கிறது. 1920-ல் பாரிஸில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி தீவு நார்வேக்குச் சொந்தம். ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா நாட்டாரும் அங்கே சம உரிமையோடு குடியிருக்கலாம், தொழில் செய்யலாம். பாரென்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ரஷ்யர்கள் இன்றும் கரி வெட்டுகிறார்கள். இயற்கையைக் காப்பது என்ற பெயரில் நார்வே தங்கள் கையைக் கட்டுவதாக ரஷ்யா பல காலமாகக் குறைப்படுகிறது. ஒப்பந்தத்தின் நூறாவது ஆண்டான 2020-ல் வெளிப்படையாகவே முறையிட்டது. விதி எல்லா நாட்டாருக்கும் ஒன்றுதான் என்பது நார்வேயின் பதில்.

அங்கே ஓர் இந்தியக் கொடி

அந்த 1920 ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு! அப்போது வெள்ளையர் ஆட்சி. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஓர் அங்கமாக நம் நாட்டுப் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது. அந்த உரிமை இன்றும் செல்லும். ஸ்வால்பார்டில் போய்க் குடியிருக்க இந்தியருக்கு நார்வேயின் விசா தேவையில்லை. ஆனால் போகும் வழியும் திரும்பும் வழியும் நார்வே வழியாகத்தான். அதற்கு விசா வேண்டும். அதுவும் இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் விசா!

கப்பல் பயணிகள் ஆவலோடு இறங்கும் ஊர்களில் ஒன்று நி-ஆலெசுண்ட். அதுவும் ஒரு காலத்தில் கரிச் சுரங்க ஊர். 1962-ல் நேர்ந்த சுரங்க விபத்தில் 21 பேர் மாண்டார்கள். மறு ஆண்டு சுரங்கத்தை மூடினார்கள். அந்த விபத்தின் விளைவாக நார்வே மந்திரிசபையே கவிழ்ந்தது. இப்போது அது விஞ்ஞானிகளின் ஊர். பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. 2008 ஜூலையில் இந்தியாவும் அங்கே ஹிமாத்ரி என்ற நிலையத்தைத் திறந்தது. வடதுருவத்துப் பனி உருகுவதற்கும் நம் ஊர்ப் பருவமழைக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்கள் துருவும் விஷயங்களில் ஒன்று. 2014 முதல் எதிரேயுள்ள கடலின் ஆழத்தில் கருவிகளைக் கட்டி நீரின் சூட்டையும் உப்பையும் அளந்து வருகிறார்கள். முதலில் கோடையில் மட்டும் போய் வந்தார்கள். 2023 டிசம்பர் முதல் சூரியனே இல்லாத மாரிக்காலத்திலும் தங்கி ஆராய்கிறார்கள்.

அந்த ஊரின் அருகே வரும்போது கப்பலில் ஓர் அறிவிப்புச் செய்வார்கள். எல்லோரும் செல்போனில் ரேடியோ அலைகளை அணைத்துவிட வேண்டும்! விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலைகளைப் பிடிக்கும் பெரிய தட்டுகள் அங்கே இருக்கின்றன. ஒருவர் பையில் உள்ள போன் முணுமுணுத்தாலும் அது கெட்டுவிடும். கரடி எதிரே வந்தால்கூடப் படத்தை உடனே ஊருக்கு அனுப்ப முடியாது. கப்பல் அந்த எல்லையைத் தாண்டும் வரை பொறுத்திருக்க வேண்டும்.